வெளியில் குழுப்படம்: முதலில் நிற்கும் இடம், அப்புறம் லென்ஸ்

தீபாவளிக்குத் தஞ்சாவூரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்திருக்கிறார்கள். ஜோகூரிலிருந்து பெரியப்பா குடும்பம் பாலம் தாண்டி வந்துவிட்டது. ஈசூனில் இருக்கும் அத்தை, தெம்பனிஸில் இருக்கும் சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று மொத்தம் பதினான்கு பேர். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலைக்குப் போய் எல்லாரையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். குடும்பத்தில் கேமரா வைத்திருப்பவர் நீங்கள்தான். பையில் எந்த லென்ஸைப் போடுவது?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஓர் எண்தான் பதிலாக வரும். "35 போதும்" என்பார் ஒருவர். "முகம் அழகாக விழ வேண்டுமென்றால் 85" என்பார் இன்னொருவர். "16 வைத்துக்கொள், எத்தனை பேர் வந்தாலும் அடக்கிவிடலாம்" என்று மூன்றாமவர் சொல்வார். எண்ணுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒரு வரிசையில் எத்தனை பேர் நிற்கப் போகிறார்கள்? அவர்களிடமிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும்? இரண்டும் தெரிந்துவிட்டால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். அது எப்படி என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் வராது.

லென்ஸின் மேல் இருக்கும் எண்

லென்ஸின் விளிம்பில் 24, 35, 50, 85 என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பதுதான் குவியத் தூரம். மிகத் தொலைவில் உள்ள பொருள் தெளிவாக விழும்போது லென்ஸின் ஒளிமையத்துக்கும், ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சருக்கும் இடையே இருக்கும் தூரம் என்று பள்ளி இயற்பியலில் படித்திருப்போம். படம் எடுப்பவருக்கு அதிலிருந்து வேண்டியது இவ்வளவுதான்: எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். எண் பெரிதானால் குறுகலாகப் பார்த்து, பார்ப்பதைப் பெரிதாகக் காட்டும்.

எவ்வளவு அகலம் என்பதையும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சர் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். 35 மி.மீ. லென்ஸ் என்றால் அந்தக் கணக்கும் வேண்டாம். எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறீர்களோ, ஏறக்குறைய அத்தனை மீட்டர் அகலம் படத்தில் விழும். 50 என்றால் தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 70 என்றால் பாதி. 24 என்றால் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. இந்த நான்கும் மனத்தில் இருந்தால் எந்த இடத்துக்குப் போனாலும் லென்ஸை மாட்டிப் பார்க்காமலே முடிவெடுக்கலாம்.

உங்கள் கேமராவில் சென்சர் சிறியதாக இருந்தால் எண் மாறும். நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சருக்கு லென்ஸின் எண்ணை 1.5ஆல் பெருக்க வேண்டும், கேனானின் ஏபிஎஸ்-சிக்கு 1.6, அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சருக்கு 2. அதாவது ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 35 போலவும், 35 மி.மீ. லென்ஸ் 50 போலவும் பார்க்கும். இந்தக் கட்டுரையில் இனி வரும் எண்கள் எல்லாம் ஃபுல் ஃபிரேம் எண்கள்.

சரி, பதினான்கு பேருக்கு வருவோம். நான்கு குழந்தைகள் முன்னால் புல்லில் உட்காருகிறார்கள். நடுவில் நான்கு நாற்காலியில் பெரியவர்கள். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். தோளோடு தோள் நிற்கும் ஒருவருக்கு அரை மீட்டர் என்று வைத்தால் ஆறு பேருக்கு 3 மீட்டர். பட்டுப்புடவை முந்தானையும் அணைத்துப் போட்ட கைகளும் சேர்ந்து மூன்றரை. இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர் காலியாக விட்டால் மொத்தம் 5 மீட்டர் அகலம் வேண்டும். அந்த 5 மீட்டருக்கு 24 மி.மீ. லென்ஸோடு 3.3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் 4.9 மீட்டர், 50 என்றால் 6.9, 70 என்றால் 9.7, 85 என்றால் 11.8.

எந்த லென்ஸை எடுத்தாலும் அதே பதினான்கு பேரும் படத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். பிறகு எதை எடுத்தால் என்ன என்று தோன்றலாம். முகங்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

முன்வரிசையும் பின்வரிசையும்

மூன்று வரிசைக்கும் சேர்த்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றரை மீட்டர் இருக்கும். 24 மி.மீ. லென்ஸோடு 3.3 மீட்டரில் நின்றால் பின்வரிசைதான் 3.3 மீட்டரில் இருக்கிறது. முன்வரிசைக் குழந்தைகள் 1.8 மீட்டரில், கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறார்கள். 3.3ஐ 1.8ஆல் வகுத்தால் 1.83. முன்னால் இருக்கும் தலை, பின்னால் இருக்கும் அதே அளவுத் தலையைவிட 83 சதவீதம் பெரிதாக விழும். குழந்தைகளின் தலை பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட, பின்னால் நிற்கும் அப்பாவும் மாமாவும் எங்கோ தூரத்தில் நிற்பது போல ஆகிவிடுவார்கள்.

35இல் அதே வித்தியாசம் 44 சதவீதம். 50இல் 28. 70இல் 18. 85இல் 15. கவனியுங்கள், 24இலிருந்து 50க்கு வரும்போது கிடைக்கும் லாபம் பெரியது. 50இலிருந்து 85க்குப் போகும்போது கிடைப்பது அதைவிட மிகவும் குறைவு. குழுப்படத்துக்கு 50 மி.மீ. லென்ஸை நான் முதலில் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். நடக்க வேண்டிய தூரமும் அதிகமில்லை, முகங்களின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தலைகளைப் பெரிதும் சிறிதுமாக்கியது லென்ஸ் அல்ல, நீங்கள் நின்ற தூரம். அதே 24 மி.மீ. லென்ஸோடு 6.9 மீட்டருக்குப் பின்னால் போய் எடுத்து, ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தில் இருப்பது போலவே தலைகளின் அளவு இருக்கும். வெட்டியதில் படத்தின் நுணுக்க விவரம் குறையும், அவ்வளவுதான். ஆகவே எங்கே நிற்பது என்பதை முகங்களுக்காக முடிவு செய்கிறோம். அங்கிருந்து பார்க்கும்போது சட்டகத்தை நிரப்புவதற்காகக் குவியத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். வளையத்தைத் திருப்பிக் குவியத் தூரத்தை மாற்றக்கூடிய ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் நின்ற இடத்தில் நின்றபடியே வளையத்தைத் திருப்பி எல்லாரையும் அடக்கப் பார்ப்பார்கள். முதலில் பின்னால் நடந்து போய் நின்று, அதற்குப் பிறகு வளையத்தைத் திருப்புவதே சரியான வரிசை.

ஓரத்தில் நிற்பவர்

அகன்ற கோண லென்ஸில் இன்னொரு தொல்லை உண்டு. இது தூரத்தால் வருவது அல்ல, உண்மையிலேயே கோணத்தால் வருவது. வட்டமான எதுவும் படத்தின் ஓரத்தில் விழும்போது வெளிப்பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகும். தலை ஏறக்குறைய உருண்டையானது என்பதால் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் அகன்று தெரியும். தோளும் இடுப்பும்கூட அப்படியே. 24 மி.மீ. லென்ஸில் சட்டகத்தின் இடது, வலது விளிம்பில் இது 25 சதவீதம். 16 மி.மீ. லென்ஸில் 50 சதவீதம். 35இல் 12 சதவீதம், 50இல் 6, 85இல் 2.

லென்ஸ் மலிவானது என்பதால் இது வருவதில்லை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்ட வேண்டும் என்று செய்யப்பட்ட எந்த லென்ஸும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், ஓரத்தில் இப்படித்தான் காட்டும். எடிட் செய்யும் செயலிகளில் லென்ஸ் வளைவைச் சரிசெய்ய ஒரு பெட்டியை டிக் செய்வோமே, அது வளைந்த கோடுகளை நிமிர்த்துவதற்கானது. இந்த இழுபடுதலை அது போக்காது.

குழுப்படத்தில் இது ஏன் முக்கியம் என்றால், ஓரத்தில் எப்போதும் யாராவது ஒருவர் நிற்கத்தான் செய்வார். அந்தப் படம் அச்சாகி வரவேற்பறையில் மாட்டப்படும். தன் உருவத்தைப் பற்றி ஏற்கெனவே தயங்கும் அத்தை, படத்தில் தான் மட்டும் பருமனாக விழுந்திருப்பதை ஒவ்வொரு முறை வரும்போதும் பார்ப்பார். அது அவருக்குச் செய்யும் அநியாயம். இடமில்லாமல் அகன்ற கோணத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எல்லாரையும் நடுவில் நெருக்கமாக நிறுத்துங்கள். ஓரத்தில் மரமும் சுவரும் இழுபட்டால் யாருக்கும் வருத்தமில்லை. பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஓரத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் முன்னால் வரச்சொல்லி, வரிசையைப் பிறை போல வளைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. 50, 85 போன்ற லென்ஸ்களில் அது பார்க்க நன்றாகவே இருக்கும். அகன்ற கோணத்தில் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே பக்கவாட்டில் இழுபடும் முகம், முன்னால் வந்ததால் இன்னும் பெரிதாகவும் ஆகிவிடும். அகன்ற கோணத்தில் வரிசை நேராகவே இருக்கட்டும்.

85 எப்போது?

முகப்படங்களுக்கு 85 மி.மீ. என்றால் பலருக்கும் உயிர். ஒருவரை, இருவரை எடுக்க எனக்கும் அது பிடித்த லென்ஸ். பதினான்கு பேருக்கு அதே 85ஐக் கொண்டுபோகும்போது 12 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. பூமலையின் புல்வெளியில் அந்த இடம் தாராளமாகக் கிடைக்கும். 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தளமான தோட்டம் அது. ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரமும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் 12 மீட்டரில் இருந்து "பாட்டி, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க" என்று சொன்னால் பாட்டிக்குக் கேட்காது. கத்த வேண்டும். கத்தினால் மற்றவர்கள் முகத்தில் இருந்த இயல்பான சிரிப்பு போய்விடும். வார இறுதியில் அந்த 12 மீட்டர் இடைவெளிக்குள் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் ஓடுபவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகள் எழுந்து போய்விடும்.

ஆகவே ஐந்தாறு பேர் வரைக்கும், பெரிய புல்வெளியில், உதவிக்கு ஒருவர் குடும்பத்தின் பக்கத்தில் நின்று சொல்ல முடியும் என்றால் 85 எடுங்கள். அதற்கு மேல் ஆள் சேரச் சேர 50 பக்கம் இறங்குங்கள். இருபது, இருபத்தைந்து பேர் என்றாகும்போது 35தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போது வரிசையின் அகலமே அதிகம் என்பதால் 35உடனும் ஏழெட்டு மீட்டர் தள்ளித்தான் நிற்பீர்கள். முன்வரிசைத் தலைகள் பெரிதாகும் பிரச்சினை அந்தத் தூரத்தில் தானாகக் குறைந்துவிடும். ஓர இழுப்புக்கு மட்டும் பக்கவாட்டில் இடம் விட்டால் போதும். 28க்குக் கீழே போக நேர்ந்தால், வேறு வழியே இல்லையா என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போங்கள்.

நீண்ட லென்ஸுக்கு ஒரு சிறப்பான பயன் உண்டு, அது பின்னணி. மரினா அணைக்கட்டின் புல் கூரையில் குடும்பத்தை நிறுத்தி, பின்னால் நகரத்துக் கட்டடங்கள் தெரிய எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 5 மீட்டரில் 35 மி.மீ. லென்ஸோடு எடுத்தால் குடும்பம் சட்டகத்தை நிரப்பும், கட்டடங்கள் சிறிதாகத் தெரியும். இப்போது 10 மீட்டருக்குப் பின்னால் வந்து 70 மி.மீ. போடுங்கள். குடும்பம் அதே அளவில் இருக்கும். வெகுதொலைவில் இருக்கும் கட்டடங்களுக்கு நீங்கள் 5 மீட்டர் பின்னால் வந்தது ஒரு பொருட்டே இல்லை. லென்ஸ் இரட்டிப்பானதால் அவை இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு "சிங்கப்பூரில் எடுத்தது" என்று சொல்லும்படி மரினா பே சேண்ட்ஸ் பின்னால் கம்பீரமாக வர வேண்டுமென்றால் அகன்ற கோணம் உதவாது, நீண்ட லென்ஸும் நடையும்தான் உதவும்.

கரையோரப் பூந்தோட்டங்களில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே செயற்கைப் பெருமரங்கள் 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரம். மரத்தடியில் குடும்பத்தை நிறுத்திவிட்டு முழு மரத்தையும் அடக்கப் பார்த்தால், 16 மி.மீ. லென்ஸை மேலே சாய்க்க வேண்டும். மரங்கள் உள்நோக்கிச் சரியும், ஆட்கள் கீழே சிறு புள்ளிகளாகிவிடுவார்கள். குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு நீங்களும் மரத்திலிருந்து விலகி நடங்கள். மரம் பின்னால் தூரத்தில் முழுதாக நிற்க, குடும்பம் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். அப்போது 35 போதும்.

பின்னால் போக இடமில்லாதபோது

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கம் வந்தால் கணக்கு இறுகிவிடும். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் வாசலிலோ வீரமாகாளியம்மன் கோயில் வாசலிலோ தரிசனம் முடிந்து படம் எடுக்க நின்றால், பின்னால் நடைபாதை, அதற்குப் பின்னால் ஓடும் வாகனங்கள். படத்துக்காக யாரும் சாலையில் இறங்கி நிற்கக் கூடாது. அந்த மாதிரி இடத்தில் லென்ஸை மாற்றுவதைவிடக் குழுவை மாற்றுவது நல்லது. பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றால் ஓரங்களில் இடம் விட்டு ஏழரை மீட்டர் அகலம் வேண்டும். நான்கு நான்காக மூன்று வரிசை என்றால் மூன்றரை மீட்டர் போதும். வரிசை கூடினால் முன் தலை பெரிதாகுமே என்றால், அதற்குப் படிக்கட்டு இருக்கிறது. தரையில் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்க முக்கால் மீட்டர் இடைவெளி வேண்டும். படியில் அதற்கு ஒரு படியின் ஆழம், கிட்டத்தட்ட 30 செ.மீ. போதும். மூன்று வரிசைக்கும் சேர்த்து முன்பின் இடைவெளி பாதிக்கும் கீழே குறைந்துவிடும். 35 மி.மீ. லென்ஸோடு அருகில் நின்றாலும் முகங்கள் சமமாக விழும்.

கெர்பாவ் சாலையில் சீன வணிகர் டான் டெங் நியாவின் பழைய வீடு இருக்கிறது. 1900இல் கட்டப்பட்டது, சன்னலுக்கு ஒரு நிறம் தூணுக்கு ஒரு நிறம் என்று வண்ணமயமானது. அங்கே பின்னால் போக இடம் ஓரளவு உண்டு, ஆனால் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் நடுவில் புகுந்துகொண்டே இருக்கும். காலையில் சீக்கிரம் போனால் 50, கூட்டமான நேரத்தில் 35.

கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை தனி வகை. 1822இல் ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டத்தோடு வந்த வழக்கம் அது. பெயருக்கேற்றாற்போல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் அகலம். அதன் குறுக்கே நின்று எடுக்க முடியாது, நீளவாக்கில்தான் எடுக்க வேண்டும். இருவர் இருவராகப் பின்னால் பின்னால் நிற்பார்கள். அங்கே முன்பின் ஆழம் அதிகம் என்பதால், நடைபாதையின் நீளத்தைப் பயன்படுத்திப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போய் 85 போடலாம். குறுகலான இடம் என்றதும் கை அகன்ற கோணத்துக்குத்தான் போகும். இந்த இடத்துக்குப் பொருந்துவது நீண்ட லென்ஸ். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும் அழகும் கூடவே கிடைக்கும். மற்றவர்கள் நடக்கும் வழி அது, ஆகவே சட்டென்று எடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

எல்லா முகமும் தெளிவாக

அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தின் அளவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. இதைச் சொல்லக் காரணம், எஃப் 1.8 என்று விலை கொடுத்து வாங்கிய பிறகு அதிலேயே எடுக்க மனம் இழுக்கும். நம் பதினான்கு பேரை 50 மி.மீ. லென்ஸில் எடுக்கும்போது முன்வரிசை 5.4 மீட்டரில், பின்வரிசை 6.9 மீட்டரில் இருக்கிறது. நடுவரிசையில் ஃபோகஸ் வைத்து எஃப் 1.8இல் எடுத்தால், வழக்கமான கணக்குப்படி தெளிவு 5.5 மீட்டரில் தொடங்கி 7.1 மீட்டரில் முடிந்துவிடும். குழந்தைகள் வெளியே நின்றுவிட்டார்கள். எஃப் 5.6இல் அதே தெளிவு 4.4 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு மேல் போகும். பெரிய அளவில் அச்சடிக்கும்போது கண் இன்னும் கறாராகப் பார்க்கும் என்பதால், இரண்டு வரிசைக்கு எஃப் 5.6, மூன்று வரிசைக்கு எஃப் 8 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 85க்கு மாறினாலும் இது பெரிதாக மாறாது. பின்னால் நகர்ந்து அதே அளவில் சட்டகத்தை நிரப்பும்போது வரிசைகளுக்குக் கிடைக்கும் தெளிவு ஏறக்குறைய அதுவேதான். பின்னணி மட்டும் பெரிதாகி மங்கலாகத் தெரியும்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடியைவிட நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அசையாமல் இருக்க மாட்டார்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் சென்சரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். 1600 வரை இன்றைய கேமராக்களில் கவலையே வேண்டாம். ஒரே நிலையில் ஐந்தாறு படம் எடுப்பதும் நல்லது. பதினான்கு பேரில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார்.

இங்கத்திய வெயிலும் ஈரமும்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. நண்பகல் சூரியன் பிற்பகல் 1 மணியையொட்டி ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வரும். புருவத்தின் நிழல் கண்களை மறைத்துவிடும். எந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் 7 மணியையொட்டித்தான் என்பதால், மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் எல்லாரையும் கூட்டிவிட்டால் முக்கால் மணி நேரம் நல்ல வெளிச்சம் கிடைக்கும். அந்தி இங்கே சீக்கிரம் இருட்டிவிடும், ஆகவே அலங்காரம் முடியவில்லை என்று தாமதித்தால் வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது.

பகலில்தான் எடுக்க வேண்டும் என்றால் தூங்குமூஞ்சி மரத்து நிழல் பக்கம் போங்கள். அகன்ற குடை போன்ற அந்த மரம் இங்கே சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நிறைய இருக்கிறது. இலைகளுக்கு இடையே வெயில் புள்ளிபுள்ளியாக முகத்தில் விழாத இடமாகப் பார்க்க வேண்டும். நிழலின் பரப்பும் குவியத் தூரத்தை முடிவு செய்யும். நிழல் 5 மீட்டர்தான் என்றால் வரிசையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். நீங்கள் வெயிலில் நின்றால் பரவாயில்லை, குடும்பம் நிழலில் இருக்கட்டும். பின்னால் வெயிலில் பளபளக்கும் புல்வெளி நிறையத் தெரிந்தால் படம் வெளிறும். நீண்ட லென்ஸ் பின்னணியில் சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், கறுத்த புதர் ஒன்றைத் தேடிப்பிடித்து அதை மட்டும் பின்னால் வைக்க முடியும்.

குளிரூட்டிய வீட்டிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கியதும் லென்ஸைத் திறந்தால் கண்ணாடி முழுதும் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையை மூடியபடியே வெளியில் கால் மணி, இருபது நிமிடம் வைத்துவிட்டுத் திறந்தால் வெப்பநிலை சமமாகியிருக்கும்.

கைபேசியும் கிட் லென்ஸும்

பலர் கைபேசியில்தான் எடுக்கப் போகிறீர்கள். அங்கேயும் இதே கணக்குதான். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமரா ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரை இருக்கும். 0.5 என்று காட்டுவது 13 மி.மீ.யை ஒட்டிய மிக அகன்ற கோணம், குழுப்படத்துக்கு அதைத் தொடவே வேண்டாம். 2 என்ற பொத்தானை அழுத்தினால் 50ஐ ஒட்டி வரும். அதை அழுத்திவிட்டு ஏழு மீட்டர் பின்னால் நடங்கள். படத்தில் உடனே தெரியும் மாற்றம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதை 35இல் வைத்தால் ஏபிஎஸ்-சி கேமராவில் 50 போலப் பார்க்கும். குழுப்படத்துக்கு எஃப் 5.6, எஃப் 8தான் வேண்டும் என்பதால், எஃப் 1.8 இல்லையே என்ற குறையும் இல்லை. ஃபுல் ஃபிரேமில் 24–70 அல்லது 24–105 ஜூம் ஒன்று பையில் இருந்தால் மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம். ஐந்தடி நடைபாதைக்கு மட்டும் 70 என்பது கொஞ்சம் குறைவாகத் தெரியலாம்.

குடும்பம் வந்து சேரும் முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். வரிசை நிற்கப்போகும் இடத்தில் பையை வைத்துவிட்டு, அங்கிருந்து காலடியாக எண்ணிக்கொண்டே பின்னால் நடங்கள். சாதாரண நடையில் ஒரு காலடி முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். ஒன்பது காலடி தடையில்லாமல் போக முடிந்தால், நம் பதினான்கு பேருக்கு 50 மி.மீ.யை மாட்டுங்கள். ஏழாவது காலடியில் வேலி முட்டினால் 35. பதினைந்து காலடி போயும் இடம் மீதம் இருந்தால், சத்தமாகப் பேசக்கூடிய ஒருவரைக் குடும்பத்தின் பக்கத்தில் நிறுத்திவிட்டு 85ஐ எடுக்கலாம்.